மழைக்குப் பின் விழுந்த தடம்

என் மகனுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்க வழியில்லை. நீ பக்கத்து அறையில்தான் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். புளிச்சோற்றை இலையில் கட்டுவதா, தூக்குச்சட்டியில் வைப்பதா என்று உன் அம்மா மூன்றாவது முறையாக உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை ரயிலில் நீ சென்னைக்குப் போகிறாய். இந்தக் கடிதத்தை உன் ரசாயனப் புத்தகத்துக்குள் வைத்துவிடப் போகிறேன். நேரில் சொல்லத்தான் இரண்டு முறை வாயெடுத்தேன். நீ சந்தோஷமாக இருந்தாய், விட்டுவிட்டேன். சந்தோஷமாக இருப்பவன் காதில் சந்தேகத்தைப் போடுவது பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. சொன்னால் என்னைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்ற பயம்தான் காரணம்.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது நீ சொன்னாய்: போலீஸாருக்குத் தடயங்களைப் பரிசோதிக்கும் கூடத்துக்குப் புதிய சர்க்கார் தாராளமாகப் பணம் ஒதுக்கியிருக்கிறதாம், எந்தக் கருவி நல்லது, எந்த முறை சரி என்று ஆராய்ந்து, எல்லா ஸ்டேஷன்களுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு கையேடு எழுதுவதுதான் உன் முதல் வேலையாம். "இனிமே ஆளுங்க சாட்சியே வேண்டாம்ப்பா. ஆளு பொய் சொல்லுவான், கருவி பொய் சொல்லாது" என்றாய். உன்னைத் தேர்ந்தெடுத்த அதிகாரி தானே வீடு தேடி வந்து வாழ்த்திவிட்டுப் போனதையும் பெருமையாகச் சொன்னாய். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்தேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, காது மந்தம் என்று நினைத்திருப்பாய். காதெல்லாம் நன்றாகத்தான் கேட்டது. அந்த அதிகாரி ஏன் வீடு தேடி வந்தார் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என்னையும் ஒருவர் அப்படி வீடு தேடி வந்து வாழ்த்தியிருக்கிறார். அப்போது நீ திருச்சியில் உன் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். நான் இங்கே புதுக்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். வந்தவர் ஓர் இன்ஸ்பெக்டர். பெயர் வேண்டாம். அவர் பிள்ளைகள் இந்த ஊர்ப்பக்கம்தான் இருக்கிறார்கள். கிராமத்துத் திருட்டில் போலீஸாருக்குக் கிடைக்கிற ஒரே துப்பு மண்ணில் விழுந்த காலடித்தடம்தான். ஆனால் கோர்ட்டு திறக்கும்வரை தடம் காத்திருக்காது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்கிற வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, தடத்தை அப்படியே அச்சாக எடுத்து வைக்கலாம் என்று அவர் ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தார். நம் ஊர்ச் செம்மண் புழுதியில் அது சரியாக வரவில்லை. ஊற்றினால் புழுதி மிதந்து, விரல்களெல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. "நீங்கதான் சார் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிக்கணும். இந்த ஊர்ல வேற யாருக்குத் தெரியும்?" என்றார். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது எனக்கு.

அவர் சிபாரிசில் சமஸ்தானத்திலிருந்து ஓராண்டுக்கு மானியம் வந்தது. பள்ளிக்கூடத்தின் பின்னால் காலியாகக் கிடந்த அறை என் ஆய்வறையானது. பள்ளி விட்டதும் அங்கே போய்விடுவேன். ஆலங்குடி மண், இலுப்பூர் மண், குளத்துக் கரம்பை என்று தட்டுத் தட்டாகப் பரப்பி, அதில் நானே மிதித்து, நானே ஊற்றி, நானே உடைத்துப் பார்த்தேன். அரக்கைச் சாராயத்தில் கரைத்து, பூச்சிமருந்து அடிக்கிற பம்பில் புழுதியின் மேல் பனிபோலத் தூவி, அது காய்ந்த பிறகு ஊற்றினால் தடம் கலையவில்லை. அச்சு உடையாமல் இருக்க நடுவே தென்னை ஈர்க்கு வைத்தேன். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் இதிலேயே போயின. முதல் முறையாக ஓர் அச்சில் குதிகால் வெடிப்புகூடத் தெளிவாக விழுந்தபோது, அந்த அறையில் தனியாக நின்று கைகொட்டிச் சிரித்தேன். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதை உனக்கு மறுக்கவும் மாட்டேன். பிறகு எல்லாவற்றையும் ஒரு சிறு கையேடாக எழுதி, ஒரு கைப்பிரதியை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன்: தடத்தைக் கண்டவுடன் என்ன செய்ய வேண்டும், யாரைக் கிட்டே விடக்கூடாது, மழை வந்தால் மண்சட்டியைக் கவிழ்த்து எப்படி மூட வேண்டும் என்றெல்லாம். மானியம் அடுத்த ஆண்டும் தொடர்ந்தால் அதை அச்சடிப்பதாகச் சொன்னார்கள். தொடர வேண்டுமென்றால் ஒரு வழக்கிலாவது அது பலிக்க வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். அந்த நிபந்தனையை நான் சந்தேகித்திருக்க வேண்டும். ஆராய்ச்சி சரியா என்பது ஒரு கேள்வி, பலித்ததா என்பது வேறு கேள்வி. இரண்டும் ஒன்றென்று அன்று எனக்குப் பட்டது.

அந்த வழக்கு வந்தது. இலுப்பூருக்கு மேற்கே ஒரு சிற்றூர். அம்மன் கோவில் தேரன்று ஊரே வடம் பிடிக்கப் போயிருந்தபோது, ஒரு ஜவுளிக் கடையின் பின்சுவரில் கன்னம் வைத்து, சேலை மூட்டைகளைத் தூக்கிப் போய்விட்டார்கள். நாலு மணிக்குக் கடைக்காரர் திரும்பி வந்து பார்த்துக் கூச்சல் போட்டார். ஐந்து மணிக்குக் கோடை மழை இறங்கியது. அரைமணி நேரம் அடித்து வெறித்தது. மறுநாள் காலை பத்து மணி வாக்கில் இன்ஸ்பெக்டர் அனுப்பிய காரில் நான் போய் இறங்கினேன். சுவரில் இருந்த ஓட்டைக்கு நேரே, ஒரு மண்சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். "மழைக்கு முந்தியே மூடிட்டோம் சார், ஒங்க பொஸ்தகத்துல சொன்ன மாதிரியே" என்றார் இன்ஸ்பெக்டர். நான் எழுதியதை ஒருவர் கடைப்பிடித்திருக்கிறார் என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சட்டியைத் தூக்கினார்கள். வலது கால் தடம் ஒன்று, அழகாக. இரண்டாவது விரல் வளைந்து பெருவிரல் மேல் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றையும் பார்த்தேன். சட்டிக்கு உள்ளே இருந்த மண்ணும் வெளியே இருந்த மண்ணும் ஒரே ஈரம். மழைக்கு முன்பே மூடியிருந்தால் உள்ளே காய்ந்த புழுதியல்லவா இருக்க வேண்டும்? தடத்தின் ஓரங்களில் மண் பிதுங்கி, விரல் இடுக்குகளில் ஏறியிருந்தது. புழுதியில் மிதித்தால் மண் சரியும், பிதுங்காது. ஒரு வருஷம் இதையே வேலையாகச் செய்தவன் நான். பார்த்த நொடியில் தெரிந்தது. கான்ஸ்டபிளைப் பார்த்து, "மழைக்கு முந்தியா மூடுனீங்க?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "ஆமா சார்" என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கரண்டியை எடுத்து மாவைக் கரைக்க ஆரம்பித்தேன். அரக்குத் தூவ வேண்டிய அவசியமே இல்லை. மண்தான் ஈரமாக இருந்ததே. தூவாமலே ஊற்றினேன். தூவாதபோதே என் கைக்கு உண்மை தெரிந்திருந்தது.

தடத்துக்கு உரியவன் அடைக்கலம் என்கிற வண்டிக்காரன். இலுப்பூர்ச் சந்தைக்கு மூட்டை ஏற்றுகிறவன். வண்டிச்சக்கரம் ஏறி வளைந்த விரல் அது. முன்பு ஒரு முறை ஆட்டுத் திருட்டில் உள்ளே போய்வந்தவன் என்றார்கள். கோர்ட்டில் என் அச்சையும் அவன் காலையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கூடியிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். வக்கீல் வைக்க அவனுக்கு வசதியில்லை. கூண்டில் நின்று அவனே சொன்னான்: "என் காலுதான் சாமி, நான் இல்லேங்கல. மறுநா காலையில என்னையக் கூட்டிக்கிட்டுப் போயி, அங்கிட்டு நடடான்னாங்க. நடந்தேன். நடக்கலேன்னா அடிப்பாங்களே." நீதிபதி என் பக்கம் திரும்பினார். இந்தத் தடம் மழைக்கு முன் பதிந்ததா, பின் பதிந்ததா என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். நான் சொன்ன பதில் இன்றும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது: "தடம் யாருடையது என்பதை மட்டுமே என் முறை சொல்லும். எப்போது பதிந்தது என்பது அதன் எல்லைக்குள் வராது." எவ்வளவு அடக்கமான பதில் பார்! விஞ்ஞானி என்றால் இப்படித்தான் பேச வேண்டும் என்று நீதிபதிகூடத் தலையசைத்தார். அடைக்கலத்துக்குத் தண்டனை ஆயிற்று. மானியம் நீண்டது. கையேடும் அச்சுக்குப் போயிற்று.

சாட்சி சொன்ன அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெருமைக்காகத்தான் சொன்னேன். வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தவள் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மழைக்கு முந்தி மிதிச்சதா, பிந்தி மிதிச்சதான்னு ஒங்களுக்குத் தெரியாதுன்னா சொன்னீங்க?"

"அது என் முறைக்குள்ள வராது."

"தெனம் வாசல் தெளிக்கிற எனக்கே தெரியும். மாடு எப்ப நடந்துச்சு, ஆளு எப்ப நடந்தான்னு பாத்தாச் சொல்லிருவேன். ஒங்களுக்குத் தெரியலையாக்கும்" என்றாள். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. மீண்டும் வாளியை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சில நாட்கள் அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்காரவில்லை.

உடனே ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதே. நான்கு மாதம் சும்மா இருந்தேன். கையேடு அச்சாகி வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. முதல் பக்கத்தில் என் பெயர். அதைப் பிரித்து, மண்சட்டியைப் பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டு மூடி வைத்தேன். ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. கொல்லையில் மழைக்கு முன் மிதித்தேன், பின் மிதித்தேன், சட்டி போட்டு மூடி எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அச்சு எடுத்து வரிசையாக வைத்தேன். உன் அம்மா சொன்னதேதான். சின்னக் குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

அச்சுகளில் இரண்டை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலி போட்டு, காபி வரவழைத்தார். "சார், நீங்க படிச்சவரு. அவன் திருடன்னு எனக்குத் தெரியும். கோர்ட்டுக்குத் தெரியப்படுத்த ஒரு வழி வேணும். அந்த வழியைத்தான் நீங்க குடுத்தீங்க" என்றார். "வழியைக் குடுத்தேன், அதுல ஆளை நடக்கவைக்கச் சொல்லிக் குடுக்கலையே" என்றேன். சிரித்தார். "இந்த ஒரு கேஸு ஒடைஞ்சா ஒங்க முறையே பொய்னுருவாங்க. ஒங்க ரூமைப் பூட்டிருவாங்க. நாளைக்கு நெசத் திருடன் தடத்தை எடுத்துக்கிட்டுப் போனாக்கூட எவனும் நம்பமாட்டான். யோசிச்சுப் பாருங்க" என்றார். நியாயமாக இருந்தது. அவர் பேச்சில் எனக்குப் பயம் தந்தது அந்த நியாயம்தான். பிறகு, "மிச்ச அச்செல்லாம் எங்க இருக்கு? ஸ்டேஷன்ல வச்சிருக்கட்டுமே, பத்திரமா இருக்கும்" என்றார். சரி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "வீட்ல உடைஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வழக்கு முழுவதிலும் நான் சொன்ன பச்சைப் பொய் அது ஒன்றுதான். அதற்காக மட்டும் நான் வருத்தப்பட்டதே இல்லை.

அடைக்கலத்தின் ஊருக்குப் போனேன். அவன் மனைவி பொன்னம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மாட்டை நுகத்தில் பூட்டிக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே போனதிலிருந்து அவள்தான் வண்டி ஓட்டுகிறாளாம். என்னைப் பார்த்ததும் சேலையை இழுத்துவிட்டுக் கால்களை மூடிக்கொண்டாள்.

"இன்னும் யாரு காலை அளக்க வந்திருக்கீங்க?"

அப்பீல் செய்யலாம், வக்கீல் நான் பார்க்கிறேன், சாட்சியும் நானே சொல்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. "உள்ள தள்ளுனதும் நீங்கதான், வெளிய எடுக்கறதும் நீங்கதானா? இதுல ஒங்களுக்கு என்ன கெடைக்கும்?" என்று கேட்டாள். மூன்று முறை போன பிறகுதான், நான் நீட்டிய காகிதத்தில் விரல் ரேகை வைத்தாள். அதையும், வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு, வேண்டுமானால் உடனே போய்விடலாம் என்கிற மாதிரி நின்றுகொண்டேதான் வைத்தாள்.

அப்பீலில் என் அச்சுகளை வரிசையாக வைத்து, என் சாட்சியத்தை நானே உடைத்தேன். முதல் விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "சொன்னால் ஆராய்ச்சி நின்றுவிடும் என்று பயந்தேன்" என்றேன். கோர்ட்டில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடைக்கலம் விடுதலையானான். அதற்குள் ஏறக்குறைய ஒரு வருஷம் உள்ளே இருந்துவிட்டான். இன்ஸ்பெக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார், உயர்வோடுதான். என் அறை பூட்டப்பட்டது. விடுமுறைக்கு வந்த நீ, ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டாய். மானியம் நின்றுவிட்டது என்றேன். பொய்யில்லை, பார்த்தாயா? பொய் சொல்லாமலே ஏமாற்றுவதில் உன் அப்பா கெட்டிக்காரன்.

இதனால் நீ அந்த வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போ. தடம் எடுக்கிற முறை பொய்யில்லை. அன்று அந்த அச்சு ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஈரத்தைக்கூட மறைக்காமல் காட்டிக்கொண்டுதான் நின்றது. மறைத்தவன் நான். உனக்குப் பணம் தருகிறவர் எதை எதிர்பார்க்கிறார் என்று முதலிலேயே கேட்டுக்கொள். உன் முறை தோற்கிற இடங்களையும் அந்தக் கையேட்டில் எழுது. எழுத விடமாட்டேன் என்றால் உன் பெயரை எடுத்துவிடச் சொல். கருவியைப் பிடித்திருக்கிற கையைப் பார். அது உன் கையாக இருந்தால் இன்னும் உற்றுப் பார். தெரியாது என்று கூண்டில் நின்று சொல்லும்போது, நிஜமாகவே உனக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தையும் அப்படியே நம்பிவிடாதே. தப்பை ஒப்புக்கொள்கிறவன், அதனாலேயே நல்லவன் என்று பெயர் வாங்கப் பார்ப்பான். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது முடியாது. விடுதலைக்குப் பிறகு ஒரு நாள் இலுப்பூரில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன். அன்னவாசல் வரை போனால் வேறு பஸ் கிடைக்கும் என்று வெயிலில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த வண்டி பக்கத்தில் நின்றது. அடைக்கலம்.

"ஏறுங்க வாத்தியாரய்யா. அன்னவாசலுக்குத்தான் போறேன்."

வைக்கோல் மேல் உட்கார்ந்தேன். என் மனசில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. தடம் பொய்யாக வைத்தது, அது சரி. ஆனால் அந்தச் சேலை மூட்டைகளை எடுத்தது யார்? இவன்தானோ? இன்ஸ்பெக்டர் சொன்னது அந்த ஒரு விஷயத்தில் உண்மையாக இருந்தால்? அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பாமலே அவன் சொன்னான்: "நீங்க எதையோ கேக்க நெனைக்கிறீங்க. கேட்டுருங்க."

"ஒண்ணுமில்ல அடைக்கலம்."

"கேட்டா சொல்லிருவேன். ஆனா நான் எதைச் சொன்னாலும் நீங்க நம்பப்போறதில்ல." மாட்டை ஒரு தட்டுத் தட்டினான். "என்னைய வெளிய விட்டுட்டாங்க. ஒங்களத்தான் இன்னும் விடல போலருக்கு."

அன்னவாசலில் இறங்கும்போது, ஏறி இறங்கச் சிரமப்படுகிறேன் என்று அவன் கை கொடுத்தான். நான் பிடித்துக்கொண்டேன். அவன் திருடினானா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இது நிஜமாகவே தெரியாது.

உன் அம்மா கூப்பிடுகிறாள், புளிச்சோறு இலையில்தானாம். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதிப் போடு. இதைப் படித்துவிட்டாய் என்றும் எழுது. என்ன நினைக்கிறாய் என்று எழுத வேண்டாம். அடுத்த லீவுக்கு வரும்போது என் முகத்தைப் பார்த்தே சொல்.

உன் அப்பா